ஏ.எஃப்.சி. விம்பிள்டன் – ரசிகர்களின் உடைமையான கால்பந்துக் கழகம்

ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்பது லண்டன் மாநகரின் தென்மேற்கில் உள்ள விம்பிள்டன் பகுதியைச் சேர்ந்த தொழில்முறைக் கால்பந்துக் கழகம் ஆகும். விம்பிள்டன் என்றதும் உலகின் மற்ற பகுதி மக்களுக்கு டென்னிஸ்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்த ஊர்க்காரர்களில் பலருக்கு நூறாண்டுக்கும் மேலாக வாரக்கடைசி என்றால் கால்பந்துதான். 2002ஆம் ஆண்டில் தங்கள் ஊர்க் கழகம் சுமார் 90 கிலோமீட்டர் தொலைவில் உள்ள வேறொரு நகருக்குக் கொண்டுசெல்லப்படும் என்று முடிவானபோது, ரசிகர்கள் தாங்களே ஒரு புதிய கழகத்தைத் தொடங்கினர். அதுவே ஏ.எஃப்.சி. விம்பிள்டன். 'டான்ஸ் டிரஸ்ட்' என்னும் ரசிகர் சங்கத்தின் கையில் இன்றும் இதன் பெரும்பான்மை வாக்குரிமை இருக்கிறது.

ஒரு விளையாட்டுக் கழகம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்குச் சட்டம் எளிதாகப் பதில் சொல்லிவிடும்: பங்குகள் யாரிடம் உள்ளனவோ அவருக்கு. மைதானத்தில் நாற்பது ஆண்டுகளாக ஒரே இடத்தில் நின்று ஆட்டம் பார்த்தவருக்கு அதில் ஒரு பங்கும் இல்லாமல் இருக்கலாம். விம்பிள்டனின் கதை இந்த இடைவெளியில் தொடங்குகிறது.

பழைய கழகம்

1889இல் பள்ளி முன்னாள் மாணவர்கள் சிலர் 'விம்பிள்டன் ஓல்டு சென்ட்ரல்ஸ்' என்ற பெயரில் ஓர் அணியைத் தொடங்கினர். 1912 முதல் இந்தக் கழகம் பிளௌ லேன் என்ற தெருவிலிருந்த மைதானத்தில் ஆடியது. நெடுங்காலம் அது சம்பளம் வாங்காத வீரர்களைக் கொண்ட சிறு கழகமே. 1963இல் அத்தகைய கழகங்களுக்கான எஃப்.ஏ. அமெச்சூர் கோப்பையை வென்றது. 1977இல்தான் இங்கிலாந்தின் கால்பந்து லீக்கில் அதற்கு இடம் கிடைத்தது. அதற்குப் பிறகு நடந்தது யாரும் எதிர்பாராதது. ஒன்பதே ஆண்டுகளில், 1986இல், அது நாட்டின் முதல் நிலைக்கு ஏறியது. 1988 மே 14 அன்று வெம்பிளி அரங்கில் நடந்த எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டியில், அப்போதைய லீக் சாம்பியனான லிவர்பூலை 1-0 என வென்றது. லாரி சாஞ்சஸ் தலையால் முட்டிய பந்து கோலானது. கோல்கீப்பர் டேவ் பெசன்ட் தடுத்த பெனால்டி, அக்கோப்பையின் இறுதிப் போட்டிகளில் தடுக்கப்பட்ட முதல் பெனால்டி ஆகும்.

கோப்பையை வென்ற மூன்றே ஆண்டுகளில் கழகம் தன் மைதானத்தை விட்டு வெளியேறியது. 1989இல் ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ அரங்கில் நடந்த நெரிசல் விபத்துக்குப் பின், பெரிய கழகங்களின் அரங்குகளில் எல்லோருக்கும் இருக்கை இருக்க வேண்டும் என்ற விதி வந்தது. பழைய பிளௌ லேனை அப்படி மாற்றுவது கடினம் என்று நிர்வாகம் சொன்னது. 1991 முதல் கிரிஸ்டல் பேலஸ் கழகத்தின் செல்ஹர்ஸ்ட் பார்க் அரங்கில் வாடகைக்கு ஆடத் தொடங்கினர். இது தற்காலிக ஏற்பாடு என்றுதான் ரசிகர்களிடம் சொல்லப்பட்டது.

இந்த இடத்தில் ஒரு பத்திரச் செய்தியைக் கவனிக்க வேண்டும். பிளௌ லேன் நிலம் விளையாட்டுக்குப் பயன்படாமல் போனால் உள்ளாட்சி அதைக் குறைந்த விலைக்குத் திரும்பப் பெறலாம் என்ற நிபந்தனை முன்பு இருந்தது. அந்த நிபந்தனை இருந்தவரை நிலத்தை விற்று எவரும் பெரிய லாபம் பார்த்திருக்க முடியாது. பின்னாளில் கழகத்தின் உரிமையாளர் உள்ளாட்சிக்குப் பணம் கொடுத்து அதை நீக்கிக்கொண்டார். அன்று அது பெரிய செய்தியாகவில்லை. ஆனால் ஊருக்கும் மைதானத்துக்கும் இருந்த சட்டப்படியான பிணைப்பு அறுந்தது அப்போதுதான். 1997இல் கழகத்தின் பெரும்பங்கு நார்வே தொழிலதிபர்கள் இருவருக்கு விற்கப்பட்டது. 1998இல் மைதானம் சேஃப்வே என்ற சூப்பர் மார்க்கெட் நிறுவனத்துக்குப் போனது. கடைசியில் அங்கே எழுந்தவை அடுக்குமாடிக் குடியிருப்புகள். அவற்றின் கட்டடங்களுக்குக் கழகத்தின் பழைய வீரர்கள், பயிற்சியாளர்களின் பெயர்களைச் சூட்டினார்கள்.

கழகம் இடம்பெயர்ந்த விதம்

மைதானம் இல்லாத கழகம் எங்கு வேண்டுமானாலும் போகலாம். அயர்லாந்தின் டப்ளின் நகருக்குக் கொண்டுபோகும் யோசனைகூட ஒரு கட்டத்தில் பேசப்பட்டது. 2000இல் அணி பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியது, வருமானம் சரிந்தது. 2001 ஆகஸ்டில், மில்டன் கீன்ஸ் நகருக்கு இடம்பெயரப் போவதாகக் கழகம் அறிவித்தது. மில்டன் கீன்ஸ் 1967இல் திட்டமிட்டு உருவாக்கப்படத் தொடங்கிய புதிய நகரம். அங்கே பெரிய அரங்கு கட்டும் திட்டமும் அதை ஒட்டி வணிக வளாகத் திட்டமும் இருந்தன. லீக்கில் ஆடும் கழகம் மட்டும் இல்லை.

கால்பந்து லீக் முதலில் அனுமதி மறுத்தது. கழகம் விடவில்லை. நடுவர் விசாரணை நடந்தது, பிறகு எஃப்.ஏ. எனப்படும் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் மூன்று பேர் கொண்ட தனி ஆணையத்தை அமைத்தது. 2002 மே 28 அன்று அந்த ஆணையம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் இடமாற்றத்துக்கு அனுமதி அளித்தது. ரசிகர்கள் புதிதாக ஒரு கழகம் தொடங்குவது கால்பந்தின் பரந்த நலனுக்கு உகந்ததல்ல என்ற பொருளில் ஆணையத்தின் அறிக்கையில் இடம்பெற்ற சொற்கள் ரசிகர்களை மிகவும் புண்படுத்தின. பிற்காலத்தில் அதே சொற்கள் அவர்களின் சட்டைகளிலும் பதாகைகளிலும் கேலியாக இடம்பிடித்தன.

இங்கிலாந்தில் கழகங்கள் கைமாறுவதும் கடனில் மூழ்குவதும் புதிதல்ல. ஆனால் ஓர் ஊரின் கழகத்தை, அதன் லீக் இடத்தோடு சேர்த்து, வேறோர் ஊருக்கு மாற்றுவது அந்நாட்டுக் கால்பந்து மரபுக்கு ஒவ்வாதது. அமெரிக்காவில் அணிகள் நகரம் மாறுவது வழக்கம். அங்கே அணி என்பது லீக் வழங்கும் ஓர் உரிமம். இங்கிலாந்தில் அப்படியில்லை. ஆலயம், தொழிற்சாலை, பள்ளிக்கூடம் ஆகியவற்றைச் சுற்றி வளர்ந்தவை அங்குள்ள கழகங்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவை வரையறுக்கப்பட்ட நிறுவனங்களாக மாறத் தொடங்கியபோது, யாரும் அவற்றைக் கறந்து லாபம் பார்க்கக் கூடாது என்று எஃப்.ஏ. பங்காதாயத்துக்கு உச்சவரம்பு வைத்தது. 1983இல் டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர், கழகத்துக்கு மேலே ஒரு தாய் நிறுவனத்தை அமைத்துப் பங்குச்சந்தைக்குப் போனது. விதி கழகத்தைத்தான் கட்டுப்படுத்தியது, தாய் நிறுவனத்தை அல்ல. அதன்பின் அந்த விதிக்கு உயிரில்லை.

முப்பத்திரண்டு நாள்

ஆணையம் முடிவை அறிவித்த இரண்டாம் நாள், மே 30 அன்று, விம்பிள்டன் சமுதாயக் கூடத்தில் ரசிகர்கள் கூடினர். மேல்முறையீடு செய்வதா, தொடர்ந்து போராடுவதா என்ற விவாதம் நடந்தது. புதிய கழகத்தின் முதல் தலைவரான கிரிஸ் ஸ்டீவர்ட், இனிப் போராட்டம் போதும், தனக்குக் கால்பந்து பார்த்தால் போதும் என்ற பொருளில் பேசினார். புதிய கழகம் தொடங்குவது என்று கூட்டம் முடிவெடுத்தது.

ஜூன் 29 அன்று விம்பிள்டன் காமன் என்னும் பொதுவெளியில் வீரர் தேர்வு நடந்தது. எவரும் வரலாம் என்று அறிவித்திருந்தார்கள். சுமார் 230 பேர் வந்தார்கள். ஜூலை 10 அன்று சட்டன் யுனைடெட் கழகத்துடன் நட்பு ஆட்டம். 4-0 எனத் தோல்வி. ஆனால் பார்க்க வந்தவர்கள் 4,657 பேர். கூட்டம் அடங்காமல் ஆட்டம் தாமதமாகத்தான் தொடங்கியது. இங்கிலாந்துக் கால்பந்து ஏணியின் ஒன்பதாம் நிலையில் இருந்த கம்பைன்டு கவுன்டீஸ் லீக் அவர்களுக்கு இடம் கொடுத்தது. அந்த நிலையில் ஓர் ஆட்டத்தைப் பார்க்க வழக்கமாக ஐம்பது நூறு பேர்தான் வருவார்கள். முதல் பருவத்தில் ஏ.எஃப்.சி. விம்பிள்டன் ஆட்டங்களுக்குச் சராசரியாக 3,000 பேருக்கு மேல் வந்தனர். இன்னும் செல்ஹர்ஸ்ட் பார்க்கிலேயே, இரண்டாம் நிலையில் ஆடிக்கொண்டிருந்த பழைய கழகத்துக்கு அவ்வளவு கூட்டம் வரவில்லை. காலி இருக்கைகளுக்கு முன் ஆடிய அந்தப் பழைய கழகம் 2003 ஜூனில் கடனைத் தீர்க்க முடியாமல் நிர்வாகிகளின் பொறுப்புக்குப் போனது. அவ்வாண்டு செப்டம்பரில் மில்டன் கீன்ஸில் ஆடத் தொடங்கி, 2004இல் 'எம்.கே. டான்ஸ்' எனப் பெயர் மாற்றிக்கொண்டது.

உடைமை அமைந்துள்ள விதம்

'ரசிகர்களின் கழகம்' என்று சொல்லிக்கொள்வது எளிது. எல்லாக் கழகமும் விளம்பரத்தில் அப்படித்தான் சொல்கிறது. விம்பிள்டனில் அது சட்ட வடிவம் பெற்றிருக்கிறது. டான்ஸ் டிரஸ்ட் என்பது பெயரில்தான் அறக்கட்டளை; உண்மையில் அது கூட்டுறவுச் சங்க வகையைச் சேர்ந்த பதிவு பெற்ற அமைப்பு. ஆண்டுச் சந்தா கட்டும் எவரும் உறுப்பினராகலாம். ஒருவருக்கு ஒரு வாக்கு. ஆயிரம் பவுண்டு கொடுத்தவருக்கும் சந்தா மட்டும் கட்டியவருக்கும் அதே ஒரு வாக்குத்தான். சங்கத்துக்கு வரும் உபரியை உறுப்பினர்கள் பிரித்துக்கொள்ள முடியாது. இந்த வடிவம் 1844இல் ராச்டேல் நகர நெசவாளர்களும் கைவினைஞர்களும் மளிகைக் கடைக்காகத் தொடங்கிய கூட்டுறவு மரபிலிருந்து வந்தது. 1904இல் சென்னையில் தொடங்கிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமும் அதே மரபின் கிளைதான் என்பதால், தமிழ் வாசகர்களுக்கு இந்த ஏற்பாடு அந்நியமாக இராது. ரேஷன் அரிசிக்குப் பதில் கால்பந்து.

உறுப்பினர்கள் டிரஸ்டின் குழுவைத் தேர்தல் மூலம் தேர்ந்தெடுக்கின்றனர். டிரஸ்ட், கழகத்தை நடத்தும் நிறுவனத்தின் பெரும்பான்மை வாக்குரிமையை வைத்திருக்கிறது. அன்றாட வேலைகளைச் சம்பளம் பெறும் அலுவலர்கள் கவனிக்கின்றனர். எந்த வீரரை வாங்குவது, யாரை முன்வரிசையில் இறக்குவது என்று உறுப்பினர்கள் வாக்கெடுப்பு நடத்துவதாகச் சிலர் நினைப்பதுண்டு. அப்படி எதுவும் இல்லை. தோற்றால் மற்ற கழகங்களில் போலவே பயிற்சியாளர் வேலை இழப்பார். உறுப்பினர்களின் அதிகாரம் வேறு இடத்தில் இருக்கிறது: மைதானத்தை விற்பது, பெரும்பான்மை உரிமையை விட்டுக்கொடுப்பது போன்ற திரும்பப் பெற முடியாத முடிவுகளை அவர்கள் ஒப்புதல் இல்லாமல் யாரும் எடுக்க முடியாது. 1990களில் விம்பிள்டன் ரசிகர்களுக்கு இல்லாமல் போனது இந்த ஒன்றுதான். நல்ல நிர்வாகம் நடத்த இந்த அமைப்பு தானாக உதவாது. கழகத்தை ஊரை விட்டுக் கொண்டுபோக விடாமல் தடுக்க மட்டுமே இது உறுதியாக உதவும்.

இந்த வகைச் சங்கங்களில் முதலாவது 1992இல் நார்தாம்டன் டவுன் கழகம் கடனில் சிக்கியபோது உருவானது. பிரையன் லோமாக்ஸ் என்பவர் அதன் முன்னோடி. ரசிகர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டுக் கழக இயக்குநரவையில் அமர்ந்தவர். அவர் காட்டிய வழியில், அரசின் ஆதரவோடு 2000இல் 'சப்போர்ட்டர்ஸ் டைரக்ட்' என்ற அமைப்பு தோன்றி, ஊர் ஊராக இத்தகைய சங்கங்களுக்குச் சட்ட ஆலோசனையும் மாதிரி விதிகளும் வழங்கியது. விம்பிள்டன் ரசிகர்கள் சில வாரங்களில் ஒரு கழகத்தை எழுப்ப முடிந்ததற்கு இந்தத் தயார்நிலையும் ஒரு காரணம்.

மேலே ஏறியது

முதல் பருவத்தில் மூன்றாம் இடம்தான் கிடைத்தது. அடுத்த பருவத்தில் 46 லீக் ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. 2003 பிப்ரவரி முதல் 2004 டிசம்பர் வரை தொடர்ந்து 78 லீக் ஆட்டங்களில் தோல்வியே இல்லை. இங்கிலாந்தின் மூத்தோர் கால்பந்தில் இது சாதனை. ஒன்பது பருவங்களில் ஐந்து முறை நிலை உயர்ந்து, 2011 மே 21 அன்று லூட்டன் டவுனை பெனால்டியில் 4-3 என வென்று கால்பந்து லீக்கில் நுழைந்தது. 2016இல் மூன்றாம் நிலைக்கு உயர்ந்தது. 2018இல் எம்.கே. டான்ஸ் மூன்றாம் நிலையிலிருந்து நான்காம் நிலைக்கு இறங்கியபோது விம்பிள்டன் மூன்றாம் நிலையிலேயே நீடித்தது. அந்த நாளை விம்பிள்டன் ரசிகர்கள் எப்படிக் கொண்டாடினர் என்று விளக்க வேண்டியதில்லை.

வெற்றிகளை விடவும் ஒரு பரிமாற்றம் முக்கியமானது. பழைய கழகத்தின் 1988 கோப்பைப் பிரதி உள்ளிட்ட நினைவுப்பொருள்களும், அதன் வரலாற்றின் மீதான உரிமைக்கோரிக்கையும் மில்டன் கீன்ஸிடம் இருந்தன. 2006இல் ரசிகர் அமைப்புகளின் முன்னிலையில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. 2007இல் அவை விம்பிள்டன் அடங்கிய மெர்ட்டன் உள்ளாட்சியிடம் ஒப்படைக்கப்பட்டன. 1889 முதல் 2002 வரையிலான வரலாறு தனக்கு உரியதல்ல என்று எம்.கே. டான்ஸ் ஏற்றுக்கொண்டது. பொருள்கள் கழகத்திடம் அல்ல, உள்ளாட்சியிடம் கொடுக்கப்பட்டன என்பதைக் கவனிக்கலாம்: அவை ஊருக்குச் சொந்தம் என்று முடிவானது.

இன்னொரு கழகத்தின் வீடு

இந்தக் கதையில் ரசிகர்கள் அதிகம் பேச விரும்பாத பகுதி ஒன்று உண்டு. புதிய கழகம் முதலில் ஆடியது கிங்ஸ்டன் பகுதியில் உள்ள கிங்ஸ்மெடோ மைதானத்தில். அது கிங்ஸ்டோனியன் என்ற பழைய கழகத்தின் வீடு. அந்தக் கழகம் நொடித்து, மைதானக் குத்தகை வேறொருவர் கைக்குப் போயிருந்தது. 2003இல் விம்பிள்டன் ரசிகர்கள் பங்கு வெளியீடு மூலம் 10 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டி அந்தக் குத்தகையை வாங்கினர். கிங்ஸ்டோனியன் தன் சொந்த மைதானத்தில் குறைந்த வாடகைக்குக் குடியிருந்தது.

பிறகு பிளௌ லேனுக்குத் திரும்பும் திட்டத்துக்குப் பணம் தேவைப்பட்டது. கிங்ஸ்மெடோ செல்சி கழகத்துக்கு விற்கப்பட்டது. செல்சியின் மகளிர் அணி இப்போது அங்கே ஆடுகிறது. 2017இல் கிங்ஸ்டோனியன் வெளியேறியது. விம்பிள்டன் அதற்கு ஒரு தொகை கொடுத்தது உண்மைதான். இருந்தும், ஒரு காலத்தில் மைதானத்தை இழந்து அலைந்தவர்களின் திட்டம் இன்னொரு சிறு கழகத்தை அலைய வைத்தது. ரசிகர் உடைமை என்பது தன் ஊர்மீது பற்றுள்ள உடைமை. அடுத்த ஊரின் நலன் அதன் விதிகளில் எழுதப்பட்டிருப்பதில்லை.

திரும்பி வரக் கொடுத்த விலை

பழைய மைதானம் இருந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டர் தூரத்தில், அதே பிளௌ லேனில், நாய்ப் பந்தய அரங்கம் ஒன்று இருந்தது. அந்த இடத்தில் புதிய கால்பந்து அரங்கமும் அதனுடன் சுமார் 600 வீடுகளும் கட்ட மெர்ட்டன் உள்ளாட்சி 2015 டிசம்பரில் ஒப்புதல் அளித்தது. கட்டுமான நிறுவனம் வீடுகளை விற்கும். அரங்கத்தின் செலவில் ஒரு பகுதி அதிலிருந்து கிடைக்கும். மீதி கழகத்தின் பொறுப்பு.

மீதி என்பது சிறு தொகை அல்ல. 2019இல் இணையம் வழியாகப் பங்கு விற்று 20 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டினர். அப்போதும் பல லட்சம் பவுண்டு பற்றாக்குறை இருந்தது. அவ்வாண்டு இறுதியில் வெளி முதலீட்டாளர்களுக்குப் பெரிய பங்கைக் கொடுக்கும் யோசனை முன்வைக்கப்பட்டபோது கழகத்துக்குள் கடுமையான விவாதம் எழுந்தது. அரங்கம் கட்டி முடிக்கப்படாமல் நின்றுவிட்டால் எல்லாம் போகும் என்றது ஒரு தரப்பு. அரங்கத்துக்காகக் கழகத்தையே கொடுத்துவிட்டால் 2002இல் எதற்காக வெளியேறினோம் என்றது மறுதரப்பு. இரண்டிலும் நியாயம் இருந்தது. இந்த விவாதத்தின் நடுவே உறுப்பினர்களில் சிலர் மூன்றாவது வழி ஒன்றைக் கொண்டுவந்தனர்: கடன் பத்திரம். ரசிகர்கள் கழகத்துக்குப் பணம் கடனாகக் கொடுப்பார்கள். எத்தனை ஆண்டுக்கு, எவ்வளவு வட்டிக்கு என்பதைக் கொடுப்பவரே தேர்ந்தெடுக்கலாம். வட்டியின் உச்சவரம்பு 4 சதவீதம்; வட்டியே வேண்டாம் என்றும் எழுதிக் கொடுக்கலாம். சில வாரங்களில் 50 லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. வங்கி வழியில் அல்லாத வணிகக் கடனும், சிறுபான்மைப் பங்கு முதலீடும் பின்னர் சேர்ந்தன. பெரும்பான்மை டிரஸ்டிடமே நின்றது.

2020 நவம்பர் 3 அன்று புதிய பிளௌ லேனில் முதல் ஆட்டம். டான்காஸ்டர் ரோவர்ஸுடன் 2-2 சமநிலை. கொரோனா கட்டுப்பாடுகள் காரணமாக அரங்கில் ரசிகர் ஒருவரும் இல்லை. 29 ஆண்டுகள் காத்திருந்தவர்கள் அந்த ஆட்டத்தை வீட்டில் திரையில் பார்த்தனர். அதே ஆண்டின் வசந்தத்தில், ஊரடங்கு தொடங்கியபோது, ரசிகர்கள் சிலர் கடை வாசல்களில் நின்று உணவுப் பொருள்களைத் திரட்டி அண்டை வீடுகளுக்குக் கொண்டுசேர்க்கத் தொடங்கினர். 'டான்ஸ் லோக்கல் ஆக்‌ஷன் குரூப்' என்ற அந்த முயற்சி பிறகு அறைகலன்கள் தருவது, பழைய மடிக்கணினிகளைப் பழுதுபார்த்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது என்று விரிந்தது. தன்னார்வலர்களை ஒரே வாரத்தில் திரட்டும் பழக்கம் அவர்களுக்கு 2002 முதலே இருந்தது.

கடன் பத்திரங்களை முதிர்வுக் காலத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதால் இந்தக் கதை கணக்கில் இன்னும் முடியவில்லை. புதுப்பித்துக்கொள்ள ரசிகர்களில் எத்தனை பேர் முன்வருகிறார்கள் என்பதைப் பொறுத்தே கழகத்தின் கையிருப்பு அமையும். பணக்கார உரிமையாளர் உள்ள கழகத்தில் இந்தக் கவலை அவர் ஒருவருடையது. இங்கே அது சில ஆயிரம் குடும்பங்களின் வரவுசெலவில் பரவிக் கிடக்கிறது.

மற்ற கழகங்கள் சொல்வது

ரசிகர் உடைமை நிலைக்காமல் போன இடங்கள் பல. ஸ்டாக்போர்ட் கவுன்டியை 2005இல் ரசிகர் சங்கம் ஏற்றது. நான்கே ஆண்டுகளில் கடன் மிகுந்து நிர்வாகிகளிடம் போனது. நாட்ஸ் கவுன்டியில் 2009இல் ரசிகர் சங்கம், பெரும் பணம் கொண்டுவருவதாகச் சொன்ன ஒரு நிறுவனத்துக்குப் பெரும்பான்மையை விட்டுக்கொடுத்தது. அந்தப் பணம் வரவில்லை.

இன்னும் யோசிக்க வைப்பவை போர்ட்ஸ்மத்தும் ரெக்ஸமும். போர்ட்ஸ்மத் அழிவின் விளிம்பில் இருந்தபோது 2013இல் ரசிகர்கள் அதை மீட்டனர். கடன்களைத் தீர்த்து, 2017இல் நான்காம் நிலையின் சாம்பியனாக்கினர். அதே ஆண்டில் டிஸ்னி நிறுவனத்தின் முன்னாள் தலைவர் மைக்கேல் ஐஸ்னரின் நிறுவனத்துக்கு விற்பதா என்று பங்கு வைத்திருந்த ரசிகர்களிடம் கேட்கப்பட்டது. சுமார் 80 சதவீதம் பேர் சம்மதித்தனர். வேல்ஸில் உள்ள ரெக்ஸம் 2011 முதல் ரசிகர் உடைமையாக இருந்தது. 2020இல் நடிகர்கள் ரயன் ரெனால்ட்ஸ், ராப் மெக்கெல்ஹென்னி ஆகியோர் வாங்க முன்வந்தபோது வாக்களித்தவர்களில் 98 சதவீதத்துக்கு மேல் ஆதரித்தனர். இவற்றைத் தோல்வி என்று சொல்லிவிட முடியாது. பழைய மைதானக் கூரை ஒழுகுவதையும், நல்ல வீரர் ஒவ்வொரு கோடையிலும் கைநழுவுவதையும் பார்த்துச் சலித்தவர்கள் தங்கள் வாக்கால் எடுத்த முடிவு அது. ஆனால் விற்ற பிறகு அடுத்த விற்பனையில் அவர்களுக்கு வாக்கு இல்லை. ஒரே ஒருமுறை பயன்படுத்தக்கூடிய வாக்கு அது.

எக்ஸெட்டர் சிட்டி எதிர்த்திசை எடுத்துக்காட்டு. 2003இல் லீக்கிலிருந்து இறங்கி நொடித்த நிலையில் ரசிகர் சங்கம் பொறுப்பேற்றது. 2005 ஜனவரியில் எஃப்.ஏ. கோப்பையில் மான்செஸ்டர் யுனைடெட்டை அதன் சொந்த அரங்கில் 0-0 எனத் தடுத்து நிறுத்தியது. அந்த ஆட்டமும் மறு ஆட்டமும் தந்த வருவாய் கடன் தீர உதவியது. அதிர்ஷ்டம் என்று சொல்லலாம். அதற்குப் பிறகு அவர்கள் நம்பியது அதிர்ஷ்டத்தை அல்ல, இளைஞர் பயிற்சிக்கூடத்தை. அங்கே வளர்ந்த ஆலி வாட்கின்ஸ் போன்றோரை விற்ற பணம் கழகத்தைத் தாங்குகிறது. உள்ளூர்ப் பிள்ளைகளை வளர்ப்பது, வளர்ந்ததும் விற்பது: வெளிப்பணம் இல்லாத கழகத்துக்கு இதுவே பெரும் வருவாய் வழி.

இங்கிலாந்துக்கு வெளியே விதி வேறு. ஜெர்மனியில் 1998 முதல் '50+1' விதி நடப்பில் உள்ளது. முதலீட்டாளர் எவ்வளவு பணம் போட்டாலும், சில விலக்குகள் தவிர, பெரும்பான்மை வாக்கு உறுப்பினர் கழகத்திடம் இருக்க வேண்டும். அமெரிக்கக் கால்பந்தில் சுமார் ஒரு லட்சம் மக்கள் வாழும் கிரீன் பே நகரின் பேக்கர்ஸ் அணி 1923 முதல் பொதுமக்களின் பங்குகளில் நிற்கிறது. பங்குதாரர்கள் 5 லட்சத்துக்கு மேல். பங்காதாயம் கிடையாது, பங்கை விற்று லாபம் பார்க்கவும் முடியாது. பெருநகரங்களுக்கு அணிகள் ஓடிப்போகும் நாட்டில் இந்தச் சிற்றூர் அணி நகராமல் இருப்பதற்கு அதுவே காரணம். அந்த லீக் பிற அணிகளுக்கு இந்த முறையை இப்போது அனுமதிப்பதில்லை.

இங்கிலாந்தில் 2019இல் பரி கழகம் லீக்கிலிருந்து நீக்கப்பட்டது அரசைத் திரும்பிப் பார்க்க வைத்தது. அடுத்து நடந்த ஆய்வின் தொடர்ச்சியாக 2025இல் கால்பந்து நிர்வாகச் சட்டம் நிறைவேறியது. அதன்படி அமையும் தனி ஒழுங்குமுறை அமைப்பின் ஒப்புதல் இன்றிக் கழகங்கள் தம் அரங்கை விற்கவோ ஊரை விட்டு மாறவோ முடியாது. 2002இல் அந்தச் சட்டம் இருந்திருந்தால் ஏ.எஃப்.சி. விம்பிள்டனே பிறந்திராது.

2024 செப்டம்பரில் பெய்த கனமழையில் வாண்டில் ஆறு கரையுடைத்துப் பிளௌ லேன் அரங்கில் வெள்ளம் புகுந்தது. ஆடுகளத்தில் பள்ளம் விழுந்தது. நியூகாசில் யுனைடெட்டுடனான கோப்பை ஆட்டம் வேறு இடத்துக்கு மாற்றப்பட்டது. பழுதுபார்க்க ரசிகர்களும் பிறரும் இணையம் வழியே ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் கொடுத்தனர். அந்தப் பருவத்தின் முடிவில், 2025 மே 26 அன்று, வெம்பிளியில் வால்சாலை 1-0 என வென்று கழகம் மீண்டும் மூன்றாம் நிலைக்கு ஏறியது.